ஒரு புடவை, ஒரு செம்புத் தண்ணீர்: திருமழிசைப் பக்கத்தில் பெயரில்லாத ஒரு சமயம்

கரண்ட் வருவதற்காகத் தெய்வம் காத்திருந்ததைத் திருமழிசையில் பார்த்தேன்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருந்தது. பெண் வீட்டார் அன்று பூவாடை அழைக்க வேண்டும். முன்பெல்லாம் ஊர்க் கிணற்றுக்குப் போய்த் தண்ணீர் எடுத்து வருவார்களாம். கிணற்றை மூடிச் சிமென்ட் போட்டுவிட்டார்கள்; அதன் மேல் இப்போது பைக்குகள் நிற்கின்றன. செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போகலாமென்றால் பெங்களூரு நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டும். பம்பைக்காரர்களும் வயதான பெண்களும் தலையில் கரகமுமாக லாரிகளுக்கு நடுவே போக முடியாது. தெருக்கோடி போர்வெல் குழாயே போதும் என்று முடிவானது. எல்லாரும் போய் நின்றபோது கரண்ட் இல்லை. மஞ்சள் பூசிய செம்பு, வேப்பிலைக் கொத்து, முறத்தில் மாம்பழ நிறத்தில் ஒரு புதுப்புடவை, எல்லாம் தயார். பம்பைக்காரர் ஒரு பீடியைப் பற்றவைத்தார். நாற்பது நிமிடம் கழித்து மோட்டார் உறுமியது. உடனே பம்பையும் உறுமியது.

அழைக்கப்பட்டவர் மணப்பெண்ணின் அத்தை. அப்பாவுக்கு அக்கா. பதினேழு வயதில், கல்யாணமாகும் முன்பே காய்ச்சலில் இறந்துபோனவர். வீட்டில் அவருடைய படம் கிடையாது. சுவரில் மஞ்சள் மெழுகி மூன்று குங்குமப் பொட்டு வைத்திருந்தார்கள், அதுதான் அவர். எதிரே தலைவாழை இலையில் வடை, பாயசம், கொழுக்கட்டை, பொரி உருண்டை. ஓரத்தில் ஒரு பன்னீர் சோடா பாட்டில். அவருக்குக் கோலி சோடா என்றால் உயிராம். கடைகளில் இப்போது அது எளிதில் கிடைப்பதில்லை, அதனால் இது.

மணப்பெண்ணின் தாயாரிடம் கேட்கக்கூடாத ஒரு கேள்வியைக் கேட்டேன். "அவங்க வருவாங்கன்னு நம்புறீங்களாம்மா?"

"நம்பறதுக்கு இன்னா இருக்குது தம்பி? அவங்க எங்க நாத்தனாரு. அண்ணன் தம்பி வூட்ல கல்யாணம். கூப்புடாம வுட்டா நல்லாவா இருக்கும்?"

நான் நம்பிக்கையைப் பற்றிக் கேட்டேன். அவர் அழைப்பு மரியாதையைப் பற்றிப் பதில் சொன்னார். இந்த இடைவெளியைப் புரிந்துகொள்ளும் முயற்சிதான் இக்கட்டுரை.

அடுத்தவர் வைத்த பெயர்

மரம், நீர், நெருப்பு, மூதாதையர், ஊர்த் தெய்வம் என்று வாழும் இத்தகைய வழிபாடுகளை மேலைநாட்டார் 'பேகன்' என்பார்கள். தமிழ் வாசகருக்கு அந்த ஒலியைக் கேட்டதும் மயிலுக்குப் போர்வை தந்த வள்ளல்தான் நினைவுக்கு வருவான். இரண்டுக்கும் உறவில்லை. லத்தீனில் 'பாகுஸ்' என்றால் நாட்டுப்புறப் பகுதி. 'பாகானுஸ்' என்றால் அங்கே வாழ்கிற பட்டிக்காட்டான். நான்காம் நூற்றாண்டில் ரோமப் பேரரசின் நகரங்கள் கிறிஸ்தவத்துக்கு மாறியபோது, பழைய தெய்வங்களை விடாமல் கும்பிட்டவர்களுக்கு இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. படையில் சேராத சாதாரண ஆள் என்ற பொருளிலிருந்து வந்ததாகவும் ஒரு விளக்கம் உண்டு. எப்படிப் பார்த்தாலும் அது அடுத்தவர் வைத்த பெயர். கும்பிட்டவர்களுக்குத் தங்கள் வழிபாட்டுக்கென்று ஒரு பெயர் தேவைப்படவே இல்லை.

தமிழ்நாட்டிலும் இதேதான் நடந்தது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் பர்த்தலோமேயு சீகன்பால்கு, 1711இல் தமிழரின் சமயத்தைப் பற்றி ஜெர்மன் மொழியில் ஒரு நூல் எழுதினார். அதன் தலைப்புக்கே 'மலபார் பேகனியம்' என்றுதான் பொருள். அன்றைய ஐரோப்பியர் தமிழரை மலபாரிகள் என்றே அழைத்தார்கள். 1713இல் தரங்கம்பாடி அச்சகத்திலிருந்து வெளிவந்த சிறுநூலில் அவர் இதற்குத் தமிழிலும் ஒரு பெயர் சூட்டினார்: அக்கியானம். அதாவது அறியாமை. அதே ஆண்டு அவர் எழுதி முடித்த 'தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளி'யில் ஐயனார், எல்லம்மன், மாரியம்மன், அங்காளம்மன், பிடாரி என்று கிராமத் தெய்வங்களுக்குத் தனிப் பகுதியே ஒதுக்கியிருந்தார். வேரறுக்க வந்தவர் வேரை இவ்வளவு உன்னிப்பாக வரைந்து வைத்தது ஜெர்மனியிலிருந்த அவருடைய மேலோருக்கு ரசிக்கவில்லை. அந்த நூல் 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. சீகன்பால்கு எழுதி இருநூறு ஆண்டுகள் கழித்துச் சென்னைப் பேராயர் ஹென்றி ஒயிட்ஹெட் 1916இல் 'தென்னிந்தியாவின் கிராமத் தெய்வங்கள்' நூலை வெளியிட்டபோதும் பார்வை பெரிதாக மாறிவிடவில்லை. விவரம் மட்டும் கூடியிருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் காற்று திசைமாறியது. வசைச்சொல்லாக இருந்ததைச் சிலர் தாங்களே விரும்பிச் சூடிக்கொண்டார்கள். இங்கிலாந்தில் 1735ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்டது. மூன்றாண்டில் ஜெரால்டு கார்ட்னர் எழுதிய நூலைத் தொடர்ந்து 'விக்கா' என்ற புதுச் சமயம் பரவியது. 1988இல் அமெரிக்க எழுத்தாளர் ஸ்காட் கன்னிங்ஹாம், குழுவோ குருவோ இல்லாமல் தனியாளாக இந்த வழியில் நடப்பவர்களுக்கென்றே ஒரு கையேடு எழுதினார். 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 74,000 பேர் தங்கள் சமயத்தை 'பேகன்' என்று எழுதினார்கள். இவர்களுக்கு ஆண்டுக்கு எட்டுத் திருநாள். சூரியன் திரும்பும் நாள்கள், இரவும் பகலும் சமமாகும் நாள்கள், இவற்றுக்கு இடைப்பட்ட நாள்கள். சமையலறை மேசையில் ஒரு மெழுகுவர்த்தி, ஒரு கிண்ணம் தண்ணீர், பருவத்துப் பூ. யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. பிடித்ததை எடுத்துத் தனக்கென்று ஒரு பாதையைக் கோத்துக்கொள்ளலாம்.

திருமழிசைத் தெருவில் நான் பார்த்ததற்கும் இதற்கும் பொருள்களில் ஒற்றுமை நிறைய. தண்ணீர், தீ, இலை, இறந்தவர், பருவம். ஆனால் ஓரிடத்தில் இரண்டும் நேரெதிராகப் பிரிகின்றன. அங்கே ஒருவர் தன் பாதையைத் தேர்ந்தெடுக்கிறார். இங்கே அந்த அத்தையை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை.

தேர்ந்தெடுத்தவர் பிறந்த ஊர்

வேடிக்கை என்னவென்றால், தமிழ்ச் சமய வரலாற்றில் 'தேர்ந்தெடுத்தல்' என்பதற்கு உதாரணம் தேடினாலும் இதே ஊருக்குத்தான் வர வேண்டும். திருமழிசை பூந்தமல்லி வட்டத்தில், சென்னை நடுவிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பேரூராட்சி. வெளியூர்க்காரர்களுக்குச் சிட்கோ தொழிற்பேட்டையால் தெரியும். 2020 மே மாதம் கொரோனாவால் கோயம்பேடு காய்கறிச் சந்தை தற்காலிகமாக இங்கே மாறியபோது செய்தித்தாள்களில் அடிபட்டது. வைணவர்களுக்கோ இது பன்னிரு ஆழ்வார்களில் ஒருவரான திருமழிசையாழ்வார் அவதரித்த ஊர். ஜகந்நாதப் பெருமாள் கோயிலில் அவருக்குச் சன்னிதி உண்டு. தை மகம் அவர் நட்சத்திரம். ஒத்தாண்டேஸ்வரர் என்ற சிவன் கோயிலும் இதே ஊரில் இருக்கிறது.

மரபுக் கதைப்படி, பிறந்ததும் மூங்கில் புதரில் விடப்பட்ட குழந்தையைப் பிரம்பறுக்கும் திருவாளனும் பங்கயச்செல்வியும் எடுத்து வளர்த்தார்கள். வளர்ந்தவர் சமணம் கற்றார், பௌத்தம் கற்றார், சைவத்தில் நின்றார். ஒன்றையும் சும்மா ஏற்கவில்லை. கடைசியில் பேயாழ்வார் இவரைச் சந்திக்கிறார். வாதத்தோடு அல்ல, செடிகளைத் தலைகீழாக நட்டு, ஓட்டைக் குடத்தால் தண்ணீர் ஊற்றிக்கொண்டு. "இதென்ன பைத்தியக்காரத்தனம்" என்று இவர் சிரிக்க, "நீர் செய்துகொண்டிருப்பதும் இதுதான்" என்பது போல அவர் திருப்பிப் போட, பேச்சு தொடங்குகிறது. முடிவில் இவர் திருமால் அடியாராகிறார். நான்முகன் திருவந்தாதியின் 96 பாடல்களும் திருச்சந்தவிருத்தத்தின் 120 பாடல்களும் நாலாயிர திவ்யப் பிரபந்தத்தில் அவர் பெயரில் நிற்கின்றன.

கதை நடந்ததா என்பது இங்கே முக்கியமில்லை. ஒரு மனிதன் நாலு சமயத்தை எடைபோட்டு ஒன்றைத் தேர்வான், அந்தத் தேர்வுக்காக வாதாடுவான், பாடுவான் என்ற மனப்படம் இந்த ஊர் மண்ணில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. அந்தக் கோயிலுக்குச் சனிக்கிழமை போய்வரும் அதே குடும்பம்தான், வீட்டுக்குத் திரும்பிச் சுவரில் மஞ்சள் மெழுகிப் பொட்டு வைக்கிறது. முரண்பாடாக யாருக்கும் படவில்லை. பெருமாள் சாமி, அத்தை நம் வீட்டு ஆள். முன்னவருக்குப் பக்தி வேண்டும். பின்னவருக்கு முறை செய்ய வேண்டும்.

பூவாடைக்காரி யார்?

தொண்டை மண்டலத்திலும் பழைய தென்னார்க்காட்டிலும் பூவாடைக்காரி என்பது ஒரே தெய்வத்தின் பெயரல்ல. வீட்டுக்கு வீடு ஆள் வேறு. கன்னியாக இறந்தவர், சுமங்கலியாக இறந்தவர், பிரசவத்தில் போனவர் என்று அந்தந்தக் குடும்பத்தின் பெண்ணே பூவும் ஆடையும் பெற்றுப் பூவாடைக்காரி ஆகிறாள். இவளுக்குத் தலபுராணம் கிடையாது, அர்ச்சகர் கிடையாது, உண்டியல் கிடையாது. கல்யாணம், காதுகுத்து என்று நல்ல காரியம் வரும்போது முதல் அழைப்பு இவளுக்கு. பம்பை, உடுக்கை அடிப்பவர்கள் வர்ணித்து அழைப்பார்கள். குடும்பத்தில் ஒருவர் மேல் அவள் இறங்குவாள். "எனக்குக் குறையில்லை, நடத்துங்கள்" என்று சொன்ன பிறகே பத்திரிகைக்கு மதிப்பு.

மானிடவியலாளர் இசபெல் நபகோவ் தென்னார்க்காட்டில் தங்கி ஆராய்ந்து 2000இல் வெளியிட்ட நூலில் இந்தச் சடங்குக்கு முக்கியமான இடம் உண்டு. இறந்தவளைக் கூப்பிட்டுச் சமாதானம் சொல்லி வீட்டுத் தெய்வமாக அமர்த்தும்போது, உயிரோடிருப்பவர்களும் தங்கள் உறவுக்குள் மறுபடி அமர்த்தப்படுகிறார்கள் என்பதை அவர் விவரங்களிலிருந்து படிக்க முடிகிறது. சாமி வந்து ஆடுகிறவர் பேசும் வார்த்தைகள் பெரும்பாலும் குடும்பக் கணக்குகள்: பெரிய மருமகளுக்கு ஏன் சொல்லவில்லை, தம்பி ஏன் முகம் திருப்பிக்கொண்டு நிற்கிறான். நான் பார்த்த வீட்டிலும் அத்தை வந்து கேட்ட முதல் கேள்வி, பாகப்பிரிவினையில் பிணங்கி எட்டாண்டாகப் பேச்சில்லாத சித்தப்பாவைப் பற்றி. அரை மணி நேரத்தில் அவருக்கு ஆள் போனது. அவர் வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டுப் போனார். ஆனாலும் வந்தார்.

இதன் வேர் பழையது. போரில் இறந்தவனுக்கு நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று ஆறு படியாகப் பிரிக்கிறது. கல்லைத் தேடிக் காண்பது, எடுத்து வருவது, நீராட்டுவது, நடுவது, படையல் இடுவது, வாழ்த்துவது. அந்தப் பெண்கள் குழாயடியில் செம்பை நீராட்டியதையும் வீட்டில் படைத்ததையும் இதன் அருகில் வைத்துப் பார்த்தால் சட்டகம் தெரியும். ஆண் வீரனுக்குக் கல் நட்டார்கள். அது ஊர்ப் பொதுவிடத்தில் நின்றது, இன்று அருங்காட்சியகத்தில் நிற்கிறது. வீட்டுப் பெண்ணுக்குக் கல் இல்லை, ஒரு புடவை. புடவை மக்கிப்போகும், மாற்ற வேண்டும். அதனாலேயே அவளை மறக்க முடியாமல் ஆகிவிடுகிறது.

கூழ், கோலம், கடல்

தனியாளின் அன்றாடத்தில் இந்தச் சமயம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் முதலில் வாசலைத்தான் காட்ட வேண்டும். விடியுமுன் தண்ணீர் தெளித்து, குனிந்து, புள்ளி வைத்து, விரலிடுக்கில் மாவை இழையாக விட்டுக்கொண்டே போகிற பெண்ணுக்கு மந்திரம் எதுவும் இல்லை. ஐந்து நிமிடம் பேச்சில்லை, அவ்வளவே. கோலத்தைப் பற்றிப் பல்லாண்டு ஆராய்ந்த விஜயா நாகராஜன் 2018இல் வெளிவந்த தன் நூலுக்கு 'ஆயிரம் உயிர்களுக்கு உணவிடல்' என்ற பொருளில் தலைப்பு வைத்தார். அரிசி மாவில் போட்டால் எறும்பு தின்னும், குருவி கொத்தும். நாளைத் தொடங்கும் முதல் வேலை இன்னொரு உயிருக்குச் சோறிடுவது. இன்று பூந்தமல்லி, ஆவடித் தெருக்களில் விற்கும் கோலமாவில் பெரும்பகுதி வெள்ளைக்கல் பொடி. எறும்பு அதை மதிப்பதில்லை. வெள்ளிக்கிழமைக்கு மட்டுமாவது பச்சரிசி மாவு கலந்துகொள்ளும் வீடுகள் இன்னும் உண்டு. கேட்டால் காரணம் சொல்ல மாட்டார்கள், "வழக்கம்" என்பார்கள்.

வாசலுக்கு அடுத்தது தெரு. ஆடி மாதம் ஞாயிறுதோறும் ஏதாவது ஒரு தெருவில் எல்.ஆர். ஈஸ்வரி பாட்டுடன் கூழ் ஊற்றுகிறார்கள். முதல்நாள் கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைக்க வேண்டும். மறுநாள் அண்டாவில் நொய்யை வேகவைத்து, அது குழைந்ததும் புளித்த மாவைச் சிறுகச் சிறுக ஊற்றிக் கைவிடாமல் கிளற வேண்டும். ஒரு நிமிடம் அசந்தால் கட்டி தட்டும், அடி பிடிக்கும். ஆறவைத்து மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் கரைப்பார்கள். தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு. விதைப்புக்கு முன்பு வீட்டுக் குதிர் காலியாகும் மாதத்தில் இருப்பதைப் பொதுவில் கொட்டிக் குடித்த ஏற்பாடு இது. வெயில் தணிந்து காற்று மாறும் காலத்தின் நோய்களுக்கு அம்மனைக் குளிர்விக்கும் முறையும் இதுவே. வயல் போய்த் தொழிற்பேட்டை வந்த பிறகும் அண்டா போகவில்லை. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து வேலை செய்யும் பையன்கள் இப்போது சொம்போடு வரிசையில் நிற்கிறார்கள். அவர்களுக்கும் ஊற்றுகிறார்கள்.

ஆண்டின் மற்ற முடிச்சுகளும் இப்படித்தான் வானத்தையும் நிலத்தையும் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. போகியன்று பழையன எரிப்பது, தை முதல் நாள் வெட்டவெளியில் சூரியனுக்கு நேரே பால் பொங்க விடுவது, மறுநாள் மாட்டுக்கு, அதற்கடுத்து மனிதருக்கு. மாசி அமாவாசையில் அங்காளம்மன் கோயில்களில் மயானக் கொள்ளை. ஆடியில் பெரியபாளையத்துக்குப் போய் வேப்பஞ்சேலை உடுத்துவது. திருவேற்காட்டுக் கருமாரியை முதலில் புற்றாகவே கும்பிட்டார்கள் என்பது அந்தக் கோயிலின் தலக்கதை.

இவற்றில் என் மனதில் ஆழமாக நிற்பது மாசி மகம். திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களின் இருளர்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடுகிறார்கள். செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் கொத்தடிமையாகக் கிடந்து, 1976ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகும் பலமுறை மீட்கப்பட வேண்டியிருந்த மக்கள். புடவையைக் கட்டிக் குடில் போட்டு இரவு தங்குகிறார்கள். விடியலில் அலைக்கு எதிரே ஈரமணலைக் குவித்து ஏழு படி கட்டுகிறார்கள். பூ, பழம், கற்பூரம். கன்னியம்மா கடலிலிருந்து வருகிறாள். நிச்சயம் பேசுவதும் தாலி கட்டுவதும் காதுகுத்துவதும் அந்த மணலிலேயே நடக்கும். குடும்பத்து மூத்தவரே பூசாரி. அடுத்த அலை வந்து கோயிலைக் கரைத்துக்கொண்டு போகும். அடுத்த ஆண்டு மறுபடி கட்டுவார்கள்.

கட்டம் இல்லாத படிவம்

இந்த வழிபாட்டுக்கு அரசுப் படிவத்தில் இடமில்லை. 1901 முதல் 1921 வரையிலான கணக்கெடுப்புகளில் பழங்குடியினரின் சமயத்தை 'ஆவியுலகக் கோட்பாட்டினர்' என்று பொருள்படும் தலைப்பில் போட்டார்கள். விடுதலைக்குப் பின் அந்தத் தலைப்பும் இல்லை. 2011இல் நாடு முழுவதும் சுமார் 79 லட்சம் பேர் 'பிற சமயங்கள்' பகுதியில் வந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 50 லட்சம் பேர் தங்கள் சமயம் 'சர்னா' என்று எழுதியவர்கள்: சால மரத்தோப்பில் கும்பிடும் ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களின் பழங்குடியினர். அதற்குத் தனிக் குறியீடு கேட்டு 2020 நவம்பரில் ஜார்க்கண்ட் சட்டமன்றம் தீர்மானமே நிறைவேற்றியது. தமிழ்நாட்டில் அப்படியொரு கோரிக்கைக்குக் கூட்டம் சேராது. பூவாடைக்காரியைக் கும்பிடும் வீட்டார் 'இந்து' என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவார்கள்.

ஆனால் அரசு இதில் கையை வைத்தால் இதன் இருப்பு தெரியும். கோயில்களில் ஆடு, கோழி பலியிடுவதைத் தடுக்கும் 1950ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டில் அரை நூற்றாண்டு ஏட்டில் தூங்கியது. 2003இல் அன்றைய அரசு அதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது. கிராமம் கிராமமாக முனகல் எழுந்தது. எழுத்தாளர்களும் நாட்டார் வழக்காற்றியல் அறிஞர்களும் பேசினார்கள். 2004இல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. பெரியாரின் வழிவந்த நாத்திகரான தொ. பரமசிவன் 'அறியப்படாத தமிழகம்' முதலிய நூல்களில் இந்தத் தெய்வங்களைக் கேலி செய்யாமல் எழுதியதை இந்த இடத்தில் நினைக்கத் தோன்றுகிறது. சாமி உண்டா என்ற கேள்வியை ஒதுக்கிவைத்துவிட்டு, யார் யாரோடு உட்கார்ந்து என்ன சாப்பிட்டார்கள் என்று அவர் பார்த்தார். திருமழிசையில் மணப்பெண்ணின் தாயார் எனக்குச் சொன்னதும் அந்தக் கோணம்தான்.

சட்டத்தைவிட வேகமாக இதை மாற்றுவது வளர்ச்சி. வேப்பமரத்தடிக் கல்லுக்கு முதலில் தகரக் கூரை, பிறகு இரும்புக் கேட், பிறகு டைல்ஸ், கடைசியில் கோபுரமும் குடமுழுக்கும் அர்ச்சகரும். அதுவரை கூழ் ஊற்றிக் கற்பூரம் காட்டிய பெண் கேட்டுக்கு வெளியே வந்து நிற்கிறாள். யாரும் துரத்தவில்லை. சாமி பெரிய ஆளாகிவிட்டது. திண்ணைக்கு வந்து உட்கார்ந்த உறவுக்காரர் பதவிக்குப் போய்விட்டது போல.

போர்வையும் மனைவியும்

இதையெல்லாம் சொல்லிவிட்டு, பழைய வழி தூயது என்று கட்டுரையை முடிக்க முடியாது.

வள்ளல் பேகனிடம் திரும்புவோம். குளிரில் நடுங்குவதாக எண்ணி மயிலுக்குப் போர்வை தந்தவன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வாழ்ந்தான். கபிலரும் பரணரும் அரிசில் கிழாரும் பெருங்குன்றூர் கிழாரும் பரிசில் வேண்டாம், அவளிடம் போ என்று அவனைக் கேட்டுப் பாடிய பாட்டுகள் புறநானூற்றில் இருக்கின்றன. இயற்கைமேல் இரக்கம் உள்ளவன் வீட்டில் நியாயமாக இருப்பான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்பதை அந்தப் புலவர்கள் அன்றே கண்டுகொண்டார்கள்.

பூவாடைக்காரியாக வணங்கப்படும் பெண்களில் பலர் வாழும்போது வணங்கப்பட்டவர்கள் இல்லை. காய்ச்சல் கண்ட பெண்ணை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போக ஒருநாள் தாமதித்த வீடு, பிறகு ஆண்டாண்டாகப் புடவை வைக்கிறது. கோலமும் கூழும் படையலும் விரதமும் பெரும்பாலும் பெண்களின் முதுகில் ஏறுகின்றன. ஊர்த் தேர் நிற்கிற தெரு, நிற்காத தெரு என்ற கணக்கு பல ஊர்களில் இன்னும் உண்டு. கூழ் அண்டாக்கள்கூடச் சாதிக்கொன்றாகப் பிரிந்திருக்கின்றன. குறி சொல்கிறேன் என்று உட்கார்ந்து, "உங்க குலதெய்வத்தை வுட்டுட்டீங்க, அதான் இப்படி" என்று பயமுறுத்தி ஆயிரங்களைக் கறக்கிறவர்களுக்கும் இந்த வட்டாரத்தில் பஞ்சமில்லை.

அந்தப் பயமுறுத்தும் வாசகத்தையே சற்று நிதானித்துக் கேட்டால் இந்தச் சமயத்தின் இலக்கணம் அதில் இருக்கிறது. "நம்பாம போயிட்டீங்க" என்று எந்தக் குறிகாரரும் சொல்வதில்லை. "வுட்டுட்டீங்க" என்கிறார். இங்கே பாவம் என்பது அவநம்பிக்கை இல்லை, விட்டுப்போவது. ஒரு மகன் நாத்திகனாகலாம். தலைவாழை இலையைக் கழுவி எடுத்து வந்து போட்டால் போதும், அவனை யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. மெழுகுவர்த்தி ஏற்றும் லண்டன்காரர் 'எனக்கு இது உண்மையாகப் படுகிறதா' என்று தன்னைக் கேட்டுக்கொள்கிறார். அது நேர்மையான கேள்வி. திருமழிசையாழ்வாரும் அதைக் கேட்டவர்தான். மஞ்சள் மெழுகும் பெண் கேட்டுக்கொள்ளும் கேள்வி வேறு: 'யாரையாவது விட்டுவிட்டேனா?'

முதல் கேள்விக்கு ஒருநாள் 'இல்லை' என்று விடை வந்தால் பாதை முடிந்துவிடும். இரண்டாவது கேள்வி அப்படி முடிவதில்லை. கிணறு மூடினாலும் குழாய்க்குப் போகிறது, கோலி சோடா கிடைக்காவிட்டால் பன்னீர் சோடா வாங்குகிறது, கரண்ட் போனால் காத்திருக்கிறது. அதன் வலிமை அதுதான். அதைச் சுமப்பவர்களைக் களைத்துப்போக வைப்பதும் அதுதான்.

அன்று இரவு படையல் முடிந்து இலை எடுக்கும் முன், மணப்பெண் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவளுக்குப் பெங்களூருவில் எட்டாவது மாடியில் குடித்தனம். சென்ற முறை படைத்த பழைய புடவையை, மஞ்சள் கறையோடு, அம்மா அவள் பெட்டியில் வைத்திருந்தார். எதை எங்கே வைப்பது என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டு வந்தாள். கொழுக்கட்டை எத்தனை, வடை எந்தப் பக்கம், விளக்கு எந்தத் திசை.

"சோடா இலைக்கு வலது பக்கமா, இடது பக்கமாம்மா?"

"எந்தப் பக்கம் வச்சா இன்னாடி," என்றார் அம்மா. "மூடியத் தொறந்து வை."